எண்பத்தைந்து கிலோக்காரர்

என் அக்காவின் கணவர் விமானப்படையில் லோட்மாஸ்டர். இதைக் கேட்டதும் பலர் அவர் விமானம் ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுந்து கை குலுக்குவார்கள். அவர் உடனே திருத்துவார். தான் ஓட்டுகிறவன் இல்லை, விமானத்தில் என்ன ஏறுகிறது, அது எவ்வளவு கனம், எங்கே வைத்துக் கட்ட வேண்டும் என்று பார்க்கிறவன் என்பார். குலுக்கிய கைகள் கொஞ்சம் தளரும். அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் திருத்திக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கிறது, எடையில் தப்பு நடந்தால் ஓட்டுகிறவருக்கே நேரம் கிடையாது என்பது அவர் கட்சி.

படையில் அவருக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்த விமானத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நான்கு இன்ஜின், தோளுக்கு மேலே இறக்கை, பின்பக்கம் திறந்தால் சாய்தளமாக இறங்கும் பெரிய கதவு, உள்ளே இரண்டு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற வயிறு. பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். ஏறுகிற வரைக்கும் முனகும், ஏறிவிட்டால் யாரையும் கைவிடாது என்று காரணம் சொன்னார்கள். விமானிகள் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வானம் பார்ப்பார்கள். லோட்மாஸ்டர் கீழே வயிற்றுக்குள் இருப்பார். அங்கே பார்ப்பதற்குச் சங்கிலிகளும், தரையில் பதித்த உருளைகளும், துணி இருக்கைகளும், எங்கோ ஒரு மூலையில் தட்டு அளவுக்கு ஒரு ஜன்னலும் உண்டு. சத்தத்தில் பேச முடியாது. எல்லாம் கை ஜாடைதான். ஒரே பிளாஸ்கில் இருந்து ஐந்து பேர் தேநீர் குடிப்பார்கள். கழிவறை பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. எழுதியவன் ஏறப்போவதில்லை, அதனால் அவன் என்ன வேண்டுமானாலும் எழுதுவான் என்பார். ஒரு பெரிய அதிகாரியின் குளிர்சாதனப் பெட்டியை இறக்கி ஓடுபாதை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தவர் அவர். பேண்டு வாத்தியக் குழுவை ஏற்றிக்கொண்டு அவர்களுடைய பெரிய முரசை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் குழு போன இடத்தில் முரசில்லாமல் வாசித்ததாகவும், வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை என்றும் அவரே சொல்வார். நான் ஒருமுறை வேறொரு தளத்தில் வாங்கிய டிவியை ஏற்றச் சொல்லி, இருபது கிலோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். மச்சினன் என்று பார்க்காமல் எடை போட்டார். முப்பத்தொன்று. அந்த டிவி அங்கேயே யாருடைய வீட்டிலோ நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வீட்டிலும் இதே தொல்லைதான். குடும்பமாக வேனில் எங்கேயாவது போனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் சொல்வார். என் அத்தையை எப்போதும் நடுவில், சக்கரத்துக்கு முன்னால் உட்கார வைப்பார். அத்தை இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு பல வருடம் சந்தோஷமாக இருந்தார். காரணம் தெரிந்த பிறகு எங்களோடு வருவதை நிறுத்திவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு எடையில் பொய் சொன்னார். தன் எடையில். அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

அவர் இருந்த தளத்திலேயே மருத்துவப் பிரிவில் நான் உதவியாளன். ஊசி போடுவேன், கட்டுக் கட்டுவேன், பறக்கிறவர்களின் உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை அவரவர் மருத்துவப் புத்தகத்தில் எழுதுவேன். டாக்டர் கீழே கையெழுத்துப் போடுவார். மேலே இருக்கும் எண்களை அவர் படித்து நான் பார்த்ததில்லை. மாமாவின் உயரத்துக்குத் தொண்ணூறு கிலோதான் வரம்பு. தாண்டினால் பறக்கக் கூடாது, தரை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வருடம் முள் தொண்ணூற்று இரண்டில் போய் நின்றது. மாமா இறங்கவில்லை. எடை மேடையில் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"கீழ இருந்தா நான் வெறும் குண்டன், மாப்ள. மேல இருந்தாத்தான் லோட்மாஸ்டர்" என்றார்.

ஒரு மாதத்தில் குறைத்துவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் என்று நானும் எண்பத்தைந்து என்று எழுதினேன். குறைக்கிறவர் கொஞ்சம் தாராளமாகவே குறைக்கட்டும் என்று எண்ணம். அடுத்த வருடமும் எண்பத்தைந்து. அதற்கடுத்த வருடமும் அதே. ஆறு வருடம் அவர் என் கையெழுத்தில் ஒரு கிராம் கூடக் கூடாமல் குறையாமல் எண்பத்தைந்திலேயே நின்றார். அந்த ஆறு வருடத்தில் அக்கா அவருடைய பறக்கும் உடுப்பை மூன்று முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறை பிரிப்பதற்குத் துணி இல்லாமல் என்னுடைய பழைய பேண்ட் ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வெள்ளம் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். ஆறு பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது சின்ன விமானங்கள் வந்துபோகிற ஓடுபாதை. அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். பெரியம்மா அங்கே இறங்குவதே பெரிய காரியம். ஏறுவது அதைவிடப் பெரிய காரியம். கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆட்கள், பைகள் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் கிலோ, அதற்கு மேல் ஒரு கிலோ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். எனவே இரண்டு நடை.

சாதாரண நாளில் பயணிகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பொதுவாக ஒரு எடை எழுதிக்கொள்வார்கள். இந்த மாதிரிக் குட்டை ஓடுபாதையில் ஒவ்வொருவரையும் எடை போட வேண்டும் என்பது மாமா கொண்டுவந்த பழக்கம். பணிக்குழுவினரும் கணக்கில் உண்டு. ஆனால் அவர்களுடைய எடையை மருத்துவப் புத்தகத்தில் இருந்து எடுத்துக்கொள்வார்கள். அதனால் சுமைத் தாளின் முதல் வரியிலேயே மாமாவின் எண்பத்தைந்து உட்கார்ந்திருந்தது.

எடை மேடையைப் பின்கதவுச் சாய்தளத்துக்குக் கீழே வைத்திருந்தார். கடிகாரம் போல வட்ட முகம், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிற அளவுக்கு முள். மழை தூறிக்கொண்டிருந்தது. மருத்துவ உதவிக்காக அதே விமானத்தில் வந்திருந்த நான் பக்கத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு முறிந்த தபால்காரர் ஒருவர் இருந்தார். ஸ்ட்ரெச்சரைக் கட்டும் இரும்புச் சட்டம் அடுத்த நடையில்தான் வரும் என்பதால் அவரும் அவருக்குத் துணையாக நானும் இரண்டாம் நடைக்குத் தங்குவதாக முன்பே முடிவாகியிருந்தது.

ஆளுக்கு ஐந்து கிலோ பை. அதற்கு மேல் இருப்பதை எல்லாம் மாமா ஓரமாக வைக்கச் சொன்னார். ஒருவருடைய சூட்கேஸ், ஒருவருடைய கார் பேட்டரி, ஒரு வீட்டுக் கதவு. அதை எதற்கு எடுத்து வந்தீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டில் அதுதான் மிஞ்சியது என்றார் அந்த மனிதர். கதவும் ஓரத்துக்குப் போனது.

எழுபது பேருக்கு மேல் ஏறியாகிவிட்டது. தாளில் மிச்சம் அறுபத்தொரு கிலோ. அப்போது ஒரு தையல்காரம்மா வந்து நின்றார். பச்சைக் குழந்தையோடு அவருடைய மகள் முன்பே ஏறி உள்ளே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் எடை ஐம்பத்து நான்கு. இடுப்பில் துணியைச் சுற்றி ஏதோ வைத்திருந்தார். பிள்ளை என்று நினைத்தேன். பிரித்தால் தையல் மெஷினின் தலை. பிழைப்புக்கான கருவிக்கு மட்டும், மொத்தத்தில் இடமிருந்தால், ஐந்து கிலோ கணக்கைத் தளர்த்துவது மாமாவின் வழக்கம். அதையும் மேடையில் வைத்தார். பதின்மூன்று. இரண்டும் சேர்த்து அறுபத்தேழு. ஆறு கிலோ அதிகம்.

மெஷினை வைத்துவிட்டு ஏறலாம், இல்லையென்றால் அடுத்த நடைக்கு மெஷினோடு காத்திருக்கலாம் என்று மாமா சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்தம்மா சாய்தளத்தின் உச்சியில் தெரிந்த மகளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிறகு மாமாவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தையல்காரர்கள் பார்க்கிற பார்வை. என் பழைய பேண்ட் துணி வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"என்னை எடை போட்டீங்க, என் மெஷினை எடை போட்டீங்க. நீங்க ஏறி நின்னீங்களா?" என்றார்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்போம். மாமாவும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார். நான் கையில் கட்டுத் துணியோடு எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பறக்கும் வேலை போகும், எனக்கு வேலையே போகும்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. அவர் அந்த விமானத்தின் லோட்மாஸ்டர். நேரமில்லை என்று ஒரு வார்த்தை போதும். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு மேடையில் ஏறி நின்றார்.

முள் நூற்று மூன்றில் நின்றது. மாமா குனிந்து பார்த்தார். இறங்கி மறுபடி ஏறினார். நூற்று மூன்று. வரிசையில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர் அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மாமா தாளில் முதல் வரியை அடித்தார். எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் நூற்று மூன்று என்று எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போட்டார். இப்போது தாளில் மிச்சம் நாற்பத்து மூன்று. மெஷின் கிடக்கட்டும், தையல்காரம்மாவே ஏற முடியாது. அந்தம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தன் வாயால் தானே கெட்டோம் என்று நினைத்திருப்பார்.

தாமதம் ஏன் என்று கேட்டுக் கேப்டன் மேலிருந்து இறங்கி வந்தார். தாளைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு கிலோ, தராசு. பெரியம்மாவுக்கு இது ஈ உக்காந்த மாதிரி. எல்லாரையும் ஏத்துங்க, கிளம்பலாம்."

"அப்ப இந்தம்மாவுக்கு ஆறு கிலோ அதிகம்னு நான் சொன்னது என்ன சார்?" என்றார் மாமா.

மாமா மறுபடி தாளை எடுத்தார். முதல் வரியையே முழுக்க அடித்துவிட்டார். நூற்று மூன்று போனதும் மிச்சம் நூற்று நாற்பத்தாறு ஆனது. தையல்காரம்மாவையும் மெஷினையும் ஏற்றினார். அடுத்து அந்த லாரி ஓட்டுநர், எழுபத்தாறு. மிச்சம் மூன்று கிலோ. கேப்டன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டாவது லோட்மாஸ்டர் உள்ளே இருக்கிறார், ஒருவர் போதும் என்று விதியிலேயே இருக்கிறது என்று மாமா முடித்துவிட்டார். மேல் தாளைக் கேப்டனிடம் கொடுத்தார். கார்பன் பிரதி புறப்படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே அலுவலகமே தண்ணீரில் இருந்ததால் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெரியம்மா திரும்பி, ஓடி, தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு, ஓடுபாதை முடிகிற இடத்தில் மெதுவாக எழுந்தது. மாமா வாயைத் திறந்துகொண்டு நின்றார். இருபத்து நான்கு வருடம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தவர். தன் கையால் சுமை ஏற்றிய பிறகு அது தரையை விட்டு எழும்புவதை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழகாகத்தான் இருக்கிறது என்றார்.

எனக்கு அழகை ரசிக்கிற மனநிலை இல்லை. அடுத்த நடை வருவதற்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் அவர் பின்னாலேயே அலைந்தேன். கேப்டன் நல்லவர், புதுத் தாள் எழுதினால் கையெழுத்துப் போடுவார், கார்பன் பிரதியைக் கிழித்துவிட்டால் கதை முடிந்தது, அடுத்தவருக்கு இடம் கொடுத்த வீரர் என்று பதக்கம் கூடத் தருவார்கள் என்று சொன்னேன். பதக்கத்துக்கு நாற்பது கிராம் இருக்கும் என்றார். கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. ஆறு வருடம் இவருக்காகப் பொய் எழுதியவன் நான், இப்போது சந்தி சிரிக்கப் போகிறது, என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா என்று கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் இருந்த தபால்காரர், தான் தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா போர்வையை இழுத்துத் தபால்காரரின் காலை மூடினார். பிறகு, "உன்னை இதுல இழுத்து விட்டது நான்தான், மாப்ள. மேடைப் பக்கத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு உன்னை ஏமாத்தினேன்னு சொல்லிடறேன். ஆனா இந்தத் தாளை மட்டும் கேக்காத" என்றார்.

நான் கேட்கவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. அதுவரைக்கும் அக்கா புருஷன் என்பதால் சகித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாரணை நடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றியதாக மாமா சொன்னார். எங்கள் மருத்துவ அறையில் எடை மேடை நடுவில் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் சுவரே இல்லை என்று விசாரணை அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். இருபத்து நான்கு வருடத்தில் மாமா சொன்ன இரண்டாவது பொய் அது. பயிற்சி போதவில்லை. அவரைத் தளத்தின் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். என்னை விமானமே வராத ஓர் ஊருக்கு மாற்றினார்கள். வேலை பிழைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலம் திரும்பி வந்த பயணத்தைப் பற்றி.

பெரியம்மா மறுபடி வந்தது. கேப்டன் இறங்கியதும் மாமாவைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை, மாமா தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. வேண்டாம் என்கிற தலையாட்டல். எடை போடும் வேலையை இரண்டாவது லோட்மாஸ்டர் செய்தார். முப்பது வயதுப் பெண். வேலையை மாமாவிடம்தான் கற்றுக்கொண்டார். கடைசியாகத் தபால்காரரையும் ஏற்றிய பிறகு மாமா மேடையில் ஏறி நின்றார். அந்தப் பெண்ணுக்கு எழுதக் கை வரவில்லை. மாமாவே பேனாவை வாங்கி, பணிக்குழு வரியில் அல்ல, பயணிகள் பட்டியலின் கடைசி வரியில், ஆண், நூற்று மூன்று என்று எழுதினார்.

துணி இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் நடுவில் நின்று, பயணிகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பெல்ட்டை இப்படிப் போட வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது, அவசரம் என்றால் அந்தக் கதவு. மாமா அதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கதவு என்றபோது திரும்பிக் கதவைப் பார்த்தார். அந்தப் பெண் கடைசி வாக்கியத்தை முடிக்காமலே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

இன்ஜின்கள் உறுமின. விமானம் ஓடத் தொடங்கியதும் என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். மாமாதான். உள்ளங்கை முழுக்க வேர்வை. என் காதோடு வாயை வைத்துக் கத்தினார்.

"வேலை எதுவும் இல்லாம உக்காந்திருந்தா இவ்வளவு பயமாவா இருக்கும்?"

"எல்லாருக்கும் இருக்கும் மாமா."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்ல. எடை மட்டும்தான் கேட்டீங்க" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி, எதிர் வரிசையில் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் வரைக்கும் என் கையை விடவில்லை.